அந்தப் பெண்ணிடம் முதலில் போங்கள்

கேள்வி: தென் மாவட்டத்தில் ஒரு தனிச் சபையில் 11 வருடமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். 2 வருடமாக நான்தான் பொறுப்பாளர். 60 பிள்ளைகள், 8 டீச்சர்கள். டீச்சர்கள் நகை போடக்கூடாது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரவேண்டும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்கவேண்டும். ஜெபத்துக்கு 3 வாரம் தொடர்ந்து வராவிட்டால் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவோம். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் தசமபாகம் கொடுத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். சமீபத்தில் எங்கள் டீச்சர் ஒருத்திக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் கல்யாணம் ஆனது. தாலியைக் கழற்றவே கூடாது என்று மாமியார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தாலியோடு வகுப்புக்கு வந்தவளிடம், "இனி வகுப்பெடுக்க வரவேண்டாம்" என்று சொன்னது நான்தான். அதுவும் பிள்ளைகள் முன்னால். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பாஸ்டர் மெச்சவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. ஆண்டு விழாவில் நன்றி சொன்னபோது என் பெயர் விட்டுப்போனதற்கு ஒரு வாரம் அழுதேன். இந்த மனதோடு ஊழியம் செய்யலாமா, விலகிவிடவா? விதியே வேண்டாம் என்று விட்டுவிட்டால் சபை என்ன ஆகும்?

பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் மனதைப் பற்றிய கேள்வி சில வாரம் பொறுக்கும். அந்தப் பெண்ணின் காரியம் பொறுக்காது. பலிபீடத்தண்டையில் நிற்கும்போது ஒருவருக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. ஆகவே விலகுவதா நிற்பதா என்று முடிவெடுப்பதற்கு முன்பே அவளைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் மன்னிப்பு கேட்க வேண்டாம். நேரே அவள் மாமியார் வீட்டுக்குப் போய் நிற்கவும் வேண்டாம். கல்யாணமாகிச் சில வாரமே ஆனவள். சபையில் தனக்கு நடந்ததை அந்த வீட்டில் சொன்னாளோ இல்லையோ, உங்களுக்குத் தெரியாது. உங்கள் மன்னிப்பே அவளுக்கு இன்னொரு அவமானமாகிவிடக் கூடாது. போன் செய்து, "உன்னை ஒரு பத்து நிமிடம் பார்க்கவேண்டும், எங்கே வந்தால் உனக்கு வசதி?" என்று மட்டும் கேளுங்கள். அம்மா வீடோ, பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ, அவள் சொல்கிற இடத்துக்குத் தனியாகப் போங்கள்.

அங்கே அதிகம் பேசத் தேவையில்லை. "பிள்ளைகள் முன்னால் உன்னை அப்படிச் சொன்னது தப்பு. உன் நிலைமை என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு." இவ்வளவு போதும். "பாஸ்டர் விதி அப்படி, நான் என்ன செய்ய" என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். "எனக்குத் தூக்கமே இல்லை தெரியுமா" என்பதும் வேண்டாம். அதைக் கேட்டால் அவள்தான் உங்களைத் தேற்றவேண்டி வரும். மறுபடி வகுப்பு தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது இன்று உங்கள் கையில் இல்லை. அவள் பதில் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். பிள்ளைகள் முன்னால் சொன்னதைத் திருத்துவதும் பிள்ளைகள் முன்னால்தான் நடக்கவேண்டும். அவள் சம்மதித்தால், அடுத்த வகுப்பில் "அன்றைக்கு அக்காவிடம் நான் பேசியது தப்பு, மன்னிப்புக் கேட்டுவிட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். 11 வருடத்தில் கிருபையைப் பற்றி எத்தனையோ பாடம் எடுத்திருப்பீர்கள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதை அந்தப் பிள்ளைகள் எத்தனை தரம் பார்த்திருப்பார்கள்?

இனி விதிகளுக்கு வருவோம். விதி இருப்பதாலேயே ஒரு சபை, விதியைக் காத்தால்தான் தேவன் ஏற்பார் என்கிற சட்டவாதச் சபை ஆகிவிடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனம் புண்பட்டவர்கள் பலர் எல்லா ஒழுங்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிந்துவிடுகிறார்கள். இதில் பவுல் செய்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரேக்கனான தீத்துவுக்கு, நுனித்தோலை வெட்டும் யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்யவேண்டும் என்று சிலர் நெருக்கியபோது, பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2). அதே பவுல், தாய் யூத ஸ்திரீயும் தகப்பன் கிரேக்கனுமான தீமோத்தேயுவுக்கு, அந்த ஊர் யூதர்களை முன்னிட்டு விருத்தசேதனம் செய்தார் (அப்போஸ்தலர் 16). அதுவும் எப்போது? யூதரல்லாத புறஜாதியார்மேல் அந்த நுகத்தடியைச் சுமத்தவேண்டாம் என்று எருசலேமில் தீர்மானித்த பிறகு, அந்தத் தீர்மானத்தைச் சபை சபையாகக் கொண்டுபோய்க் கொடுத்த அதே பயணத்தில். இரண்டு பேருக்கும் கத்தி ஒன்றுதான். தீத்துவிடம் அதைக் கேட்டவர்கள், 'இது இல்லாமல் நீ முழு விசுவாசி இல்லை' என்றார்கள். தீமோத்தேயு மற்றவர்களுக்கு இடறல் வராதிருக்க அதை ஏற்றுக்கொண்டார்.

உங்கள் டீச்சர் எந்த இடத்தில் நிற்கிறாள்? மாமியார் மனம் நோகாதிருக்க, ஒரு வெளி அடையாளத்தைச் சுமக்கிறாள். அவள் நிற்பது தீமோத்தேயு நின்ற இடத்தில். தாலி இருந்தால் நீ எங்கள் ஆள் இல்லை என்று சொன்ன நாம் எந்தக் கூட்டத்தோடு போய் நின்றோம் என்பதை யோசியுங்கள்.

நகைக்கு நம் சபைகளில் காட்டுகிற வசனம் 1 பேதுரு 3:3. அதை முழுவதும் வாசியுங்கள். மயிரைப் பின்னுதல், பொன்னாபரணம், வஸ்திரம் என்று மூன்றை ஒரே மூச்சில் சொல்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் "உயர்ந்த வஸ்திரங்கள்" என்றிருக்கிறது. கிரேக்க மூலத்தில் 'உயர்ந்த' என்ற சொல் கிடையாது, வஸ்திரம் உடுத்துதல் என்று மட்டுமே இருக்கிறது. இதைத் தடைச்சட்டமாக எடுத்தால் சடையும் போடக்கூடாது, சேலையும் கட்டக்கூடாது என்றாகும். அப்படி யாரும் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. அழகு எங்கிருந்து வரவேண்டும் என்பதைத்தான் பேதுரு பேசுகிறார். அதற்காக, நகையைக் கழற்றிவைத்த நம் தாய்மாரை நான் குறைத்துப் பேசமாட்டேன். பவுனை வைத்தே பெண்ணுக்கு விலை பேசுகிற ஊரில், வெறும் கழுத்தோடு பணக்காரியும் கூலிக்காரியும் ஒரே பாயில் உட்கார்ந்தது பெரிய சாட்சி. மனமாரக் கழற்றியவளுக்கு அது காணிக்கை. அடுத்தவள் கழுத்தைப் பார்த்து அவள் இரட்சிப்பை அளக்கத் தொடங்கும்போதுதான் அது நுகமாகிறது.

ஒரு விதி எந்த வகை என்று கண்டுபிடிக்க, அதை மீறியவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீச்சர் 3 வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்கு யாராவது போனீர்களா? மாமனாருக்கு உடம்பு சரியில்லையா, ஷிப்ட் மாறிவிட்டதா, விசுவாசமே ஆட்டம் கண்டிருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்த விதி ஆளைத் தேடுவதற்கு உதவியது. கேட்காமல் பெயரை அடித்தீர்கள் என்றால், அது ஆளைக் கழிக்க மட்டுமே பயன்பட்டது.

பிள்ளைகளின் வருகை ரிஜிஸ்டரும் அப்படித்தான். உங்கள் வகுப்புச் சுவரில் பெரும்பாலும் ஒரு சார்ட் தொங்கும். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வாரத்துக்கொரு ஸ்டார் ஸ்டிக்கர். ஒரு பெயருக்கு நேரே வரிசையாக ஸ்டார். அதற்குக் கீழே ஒரு பெயருக்கு இரண்டு ஸ்டார், பிறகு வெறும் கட்டங்கள். அந்தப் பையனின் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருந்திருக்கலாம். அவன் வருகிற அன்றைக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வெறும் கட்டங்கள். இயேசு எல்லாரையும் நேசிக்கிறார் என்று நாம் பாடம் நடத்துகிற அதே அறையில், சுவர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சார்ட்டை எடுத்துவிடுங்கள். ரிஜிஸ்டர் இருக்கட்டும், அதில் கடைசியாக ஒரு பத்தி கூட்டுங்கள்: 'போய்ப் பார்த்தது யார், என்றைக்கு'. 2 வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாவது ஞாயிறுக்குள் யாராவது போயிருக்கவேண்டும். அந்தப் பத்தி வெறுமையாக இருந்தால் தவறியது டீச்சர், பிள்ளை அல்ல. மனப்பாட வசனப் பரிசையும் இப்படியே பாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாய்வழியாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் பரிசு அறிவிக்காதீர்கள்.

இறுக்கவேண்டிய விதிகளும் உண்டு. பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவருக்கொருவர் உறவினரல்லாத 2 பெரியவர்கள் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாட்களில் பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கவேண்டும். ஒரு பிள்ளைமேல் தப்பாகக் கைவைத்தார்கள் என்று தெரிந்தால், "அவர் மனந்திரும்பிவிட்டார், கிருபையாய் மூடிவிடுவோம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19ஆம் பிரிவின்படி, அதைப் போலீசுக்குத் தெரிவிப்பது அறிந்த ஒவ்வொருவருக்கும் கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. நகையில் கறாராகவும் இதில் தாராளமாகவும் இருக்கிற சபை, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறது.

தசமபாகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் வாசிக்கும் வழக்கம் நிற்கவேண்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்கவேண்டும் என்கிறது 2 கொரிந்தியர் 9:7. பெயர் வாசிக்கப்படும் என்று தெரிந்த பிறகு விசனத்தையும் கட்டாயத்தையும் எப்படித் தவிர்ப்பது? வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வார்த்தைக்கும் அது நேர் எதிர். உபாகமம் 14:28, 29 வசனங்களில், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தைச் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: லேவியன் (ஆலயப் பணி செய்யும் கோத்திரத்தான்), பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் விதவையின் பெயர் வாசிப்பில் விடுபட்டு அவள் தலைகுனிகிறாள் என்றால், வாங்கவேண்டியவளையே நாம் கடன்காரியாக்கிவிட்டோம். வாசிக்கத்தான் வேண்டும் என்றால், மொத்தம் எவ்வளவு வந்தது, வாடகைக்கு எவ்வளவு, ஊழியருக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு என்று வாசிக்கலாம். காணிக்கைப் பெட்டியை ஒரே வீட்டைச் சேராத 2 பேர் சேர்ந்து எண்ணி, சீட்டில் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில் கட்டலாம்.

இப்போது உங்கள் மனதுக்கு வருகிறேன். லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்தபோது, மூத்த குமாரன் வெளியே நின்றுகொண்டு என்ன சொல்கிறான் என்று நம் தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்..." நாம் வாய்நிறையச் சொல்கிற அதே சொல், ஊழியம். மூலமொழியில் அது அடிமைவேலை செய்வதைக் குறிக்கும் சொல். வீட்டுப் பிள்ளை கூலிக்காரனைப்போலக் கணக்கு வைத்திருந்தான். தன் விருந்துக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூட வரவில்லை என்றதும் கணக்கு வெளியே வந்தது. தம்பியை அவன் 'என் தம்பி' என்று சொல்லவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். ஆண்டு விழாவில் விட்டுப்போன பெயரும், அந்தப் பெண்ணிடம் பேசிய கடுமையும் வேறு வேறு காரியங்கள் அல்ல, சகோதரி. தனக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று எண்ணுகிறவர்களுக்கு, விதி மீறியவர்கள்மேல் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் தகப்பன் அவனிடமும் வெளியே வந்தார், வருந்தி அழைத்தார், "மகனே" என்றார். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்றார். அந்த வீட்டில் கூலி பாக்கி என்று ஒன்று கிடையாது. பிள்ளைக்கு யாரும் கூலி போடுவதில்லை.

அதற்காக இன்றே விலகவேண்டுமா? வேண்டாம். சுத்தமான நோக்கம் வந்த பிறகுதான் ஊழியம் என்றால் ஒரு சபையிலும் ஞாயிறு ஆராதனை நடக்காது. சிறையில் இருந்த பவுல், பொறாமையினால் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர்களைப் பற்றிக்கூட, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்பட்டார். தன்னைப் பற்றியோ, "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை" என்றார். அவர் தன் மனதையே தோண்டிக்கொண்டு உட்காரவில்லை. தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

அடுத்த 6 வாரம் இப்படிச் செய்துபாருங்கள். மேடைக்கு வருகிற வேலைகளான ஆண்டு விழா, அறிவிப்பு, பரிசு வழங்குதல் எல்லாவற்றையும் இன்னொரு டீச்சரிடம் முழுவதுமாகக் கொடுங்கள். அவள் செய்யும்போது பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். நீங்கள் ஒரு வகுப்பை மட்டும் எடுங்கள், முடிந்தால் ஆகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பை. அவர்களுக்கு உங்களைப் புகழத் தெரியாது, தண்ணீர் வேண்டும் என்று மட்டுமே சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு காரியம், போய்ப் பார்ப்பதோ சாப்பாடு கொடுப்பதோ, யாருக்கும் சொல்லாமல் செய்யுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே விடாதீர்கள். முதல் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும், எரிச்சல் வரும். பாராட்டுக்குப் பழகிய மனது அப்படித்தான் முரண்டு பிடிக்கும், பயப்படவேண்டாம். உங்கள் சபையைச் சேராத, வாய்காக்கிற மூத்த சகோதரி ஒருவரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். சொந்தச் சபையில் சொன்னால் அதுவே ஒரு சாட்சியாகி மறுபடி மேடைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'என் நோக்கம் சரியா, சரியா' என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பது சட்டவாதத்தின் இன்னொரு வடிவம். நகைக்குப் பதில் நோக்கத்தை வைத்து உங்களையே நீங்கள் தள்ளிவைப்பீர்கள். சனிக்கிழமை இரவு 10 நிமிடம் போதும். கண்டதை அறிக்கையிட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். தூக்கமின்மை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடு இறங்காவிட்டால், ஒரே நினைவு விடாமல் சுழன்றால், டாக்டரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

பாஸ்டரிடம் பேசுவது கடைசிக் காரியம். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போகாதீர்கள், வார நாளில் நேரம் கேட்டுப் போங்கள். அவர் மனைவியும் கூட இருந்தால் நல்லது. மற்ற டீச்சர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு போனால் அவருக்கு அது கலகமாகத் தெரியும், கதவு மூடிவிடும். நகை, தசமபாகம், உபவாசம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவேண்டாம். அந்தப் பெண்ணின் காரியத்தை மட்டும் எடுங்கள். "நான் அவளை நடத்தியது தப்பு, மன்னிப்புக் கேட்டேன். அவள் தாலியோடு 3 மாதம் வகுப்பெடுக்கட்டும், பிள்ளைகளுக்கு இடறலாகிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுங்கள்" என்று கேளுங்கள். அவருடைய பயமும் உண்மையானது. தனிச் சபை, மாதக் காணிக்கையில்தான் வாடகை. பக்கத்துச் சபையில் 'அங்கே உலகம் நுழைந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு குடும்பம் போய்விடும். அதை அவர் வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுங்கள். கலாத்தியர் வசனங்களை அவர்மேல் எறியவேண்டாம், அவருக்கும் அவை மனப்பாடம்.

அவர் மறுத்தால், நீங்கள் சபையை விட்டுப் போகவேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, இப்படிப்பட்ட செய்தியை இனி நான் கொண்டுபோய்ச் சொல்லமாட்டேன்." பொறுப்பாளர் பதவி அதனால் போனால் போகட்டும். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று யாராவது பயமுறுத்தினால், 105ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை அந்நிய தேசங்களில் அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தொடாத தாவீதும், ஒளிந்திருந்த கெபியிலிருந்து (குகையிலிருந்து) வெளியே வந்து எல்லாரும் கேட்க அவரிடம் நியாயம் கேட்டான். முகங்குப்புற வணங்கிவிட்டுத்தான் கேட்டான். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

போனை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். புதுப்பெண், சாயங்காலம் அடுப்படியில் வேலை இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் என்றால் அவளால் ஒதுங்கி நின்று பேசமுடியும்.